பிழையைக் கணக்குப் பார்ப்பது யார்? லினக்ஸ்சிஎன்சியோடு சர்வோ டிரைவை இணைக்கும் வழிகள்

சர்வோ மோட்டார் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டியது கன்ட்ரோலரா, டிரைவா? எண்வழிக் கட்டுப்பாட்டு இயந்திரங்கள் பிறந்த காலத்திலிருந்தே இந்தக் கேள்வி உண்டு. கன்ட்ரோலர், டிரைவ், மோட்டார் மூன்றையும் ஒரே நிறுவனத்திடம் வாங்குபவர் கண்ணில் இது படுவதில்லை. பதில் அந்தத் தொகுப்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கன்ட்ரோலர் பழுதாகி, வார்ப்பும் ஸ்லைடும் பால் ஸ்க்ரூவும் நல்ல நிலையில் இருக்கிற பழைய மெஷினுக்கு லினக்ஸ்சிஎன்சியைப் பொருத்த முனைபவருக்கோ முதல் நாளே இது முன்னால் வந்து நிற்கும். டிரைவ் ஒரு கம்பெனி, மோட்டார் இன்னொரு கம்பெனி, இடையில் ஒரு கார்டு, மேலே திறமூல மென்பொருள். இவற்றை இணைக்க இன்று பெரிய அளவில் மூன்று வழிகள் புழங்குகின்றன: பல்ஸும் திசையும், ±10 வோல்ட் அனலாக், ஈதர்கேட் போன்ற தொழிற்சாலை வலையமைப்பு.

இவற்றை வேகம், விலை, வயரின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு ஒப்பிடுவது வழக்கம். அந்த ஒப்பீடு பயனுள்ளதுதான், ஆனால் முக்கியமான ஒன்று அதில் விடுபட்டுப் போகிறது. ஒவ்வொரு வழியிலும் நிலைப் பிழை எங்கே கணக்கிடப்படுகிறது, அந்தக் கணக்கு லினக்ஸ்சிஎன்சிக்கு எவ்வளவு தெரிகிறது என்பதே மெஷினின் நடத்தையைத் தீர்மானிக்கிறது. மூன்று வழிகளையும் அந்தக் கோணத்தில் வைத்துப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

## கேள்வியின் வேர்

சர்வோ என்பது ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று லூப். உள்ளே மின்னோட்ட லூப். மோட்டாரின் முறுக்குவிசையை அது ஆள்கிறது. அதைச் சுற்றி வேக லூப். எல்லாவற்றுக்கும் வெளியே பொசிஷன் லூப்: இருக்க வேண்டிய இடம், இருக்கிற இடம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். உள் லூப் வெளி லூப்பைவிடப் பல மடங்கு வேகமாக ஓட வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பொசிஷன் லூப் எந்தப் பெட்டியில் இருக்க வேண்டும் என்பதில்தான் வேறுபாடு.

1952இல் எம்ஐடியின் சர்வோமெக்கானிசம்ஸ் ஆய்வகம் காட்டிய முதல் எண்வழி மில்லிங் மெஷினில் பின்னூட்டம் இருந்தது. துளையிட்ட நாடாவிலிருந்து வந்த கட்டளையையும் ஆக்சிஸின் நகர்வையும் கட்டுப்பாட்டு அமைப்பே ஒப்பிட்டது. ஜப்பானில் புஜிட்சுவுக்குள் இருந்த ஃபானுக் குழு வேறு திசையில் போனது. சேயுவெமோன் இனாபாவின் தலைமையில் 1959இல் உருவான மின்-எண்ணெய் அழுத்தப் பல்ஸ் மோட்டாருக்குப் பின்னூட்டமே வேண்டியிருக்கவில்லை. இத்தனை பல்ஸ் போனால் இத்தனை தூரம் நகரும் என்று நம்பி இயங்கியது அது. விலை குறைவு, சிக்கல் குறைவு. ஃபானுக்கின் முதல் கட்ட வளர்ச்சிக்கு அதுவே அடித்தளம். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1974இல், அதே நிறுவனம் அமெரிக்காவின் கெட்டிஸிடம் உரிமம் பெற்று டிசி சர்வோவுக்கு மாறியது. தன் வளர்ச்சிக்குக் காரணமான தொழில்நுட்பத்தையே கைவிட்ட அந்த முடிவை, பல்ஸ் தோற்று பின்னூட்டம் வென்ற கதையாகச் சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். தோற்றது பின்னூட்டமற்ற பல்ஸ். இன்று டிரைவுக்குள் பின்னூட்டத்தை வைத்துக்கொண்டு பல்ஸ் திரும்பி வந்திருக்கிறது.

## லினக்ஸ்சிஎன்சி நிற்கும் இடம்

லினக்ஸ்சிஎன்சியின் மூதாதை அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 1990களில் உருவாக்கிய இஎம்சி. ஜெனரல் மோட்டார்ஸின் பவர்டிரெயின் ஆலையில் ஒரு மெஷினிங் சென்டரில் அதைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். அரசுப் பணியாளர்கள் எழுதியதால் அதன் மூல நிரல் பொதுவுடைமையாக வெளியே வந்தது. தன்னார்வலர்கள் அதை எடுத்து வளர்த்து 2006இல் இரண்டாம் தலைமுறையை வெளியிட்டார்கள். பிறகு வணிகப் பெயர்ச் சிக்கலால் லினக்ஸ்சிஎன்சி என்று பெயர் மாறியது.

நம் கேள்விக்கு முக்கியமானது அதில் சேர்ந்த 'ஹால்' என்ற வன்பொருள் இணைப்பு அடுக்கு. ஜான் காசுனிச் எழுதத் தொடங்கிய இந்த அடுக்கில் ஒவ்வொரு பாகமும் பின்களைக் காட்டும். சிக்னல் என்ற கற்பனை வயரால் பின்னையும் பின்னையும் இணைக்கலாம். பாதைத் திட்டமிடும் பகுதி ஒவ்வொரு ஜாயின்டுக்கும் ஓர் இலக்கு நிலையை ஒரு பின்னில் வெளியிடும்; நிகழ்நிலையை இன்னொரு பின்னில் எதிர்பார்க்கும். இடையில் என்ன இருக்கிறது என்று அது கேட்பதில்லை. பிழையைக் கொண்டு கட்டளையைக் கணக்கிடும் பிஐடி பாகம் இருக்கலாம், பல்ஸ் உருவாக்கும் ஸ்டெப் ஜெனரேட்டர் இருக்கலாம், ஈதர்கேட் இருக்கலாம், இலக்கையே நிகழ்நிலையாகத் திருப்பிவிடும் ஒற்றை சிக்னலும் இருக்கலாம். வணிகக் கன்ட்ரோலர்களில் எளிதில் கிடைக்காத சுதந்திரம் இது. ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கிறது. நிகழ்நிலைப் பின்னில் பொய்யைக் கட்டிவிட்டால் லினக்ஸ்சிஎன்சி அதை நம்பிவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் வழக்கமாக 1 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, 'சர்வோ த்ரெட்' என்ற நிகழ்நேரச் சுற்றில் நடக்கிறது. பேரலல் போர்ட்டில் மென்பொருளே பல்ஸ் உருவாக்கும்போது மட்டும் இன்னும் வேகமான 'பேஸ் த்ரெட்' ஒன்று தேவை. இந்தச் சுற்றுகள் நேரம் தவறாமல் ஓட முதலில் ஆர்டி-லினக்ஸும் பிறகு ஆர்டிஏஐயும் பயன்பட்டன. இப்போது பெரும்பாலும் பிரீஎம்ப்ட்-ஆர்டி. இந்த மூன்றாவது, 2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்போடு லினக்ஸ் கெர்னலின் முதன்மைக் கிளையிலேயே முழுமையாகச் சேர்ந்துவிட்டது. தனியாக ஒட்டுப்போட்ட கெர்னலைத் தேடி அலைந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்ல வேண்டியதில்லை.

## பல்ஸும் திசையும்

அதிகம் பயன்படுவதும் அதிகம் குறை சொல்லப்படுவதும் இந்த வழிதான். இரண்டு சிக்னல்: ஒன்றில் ஒவ்வொரு பல்ஸுக்கும் ஓர் அடி, மற்றதில் எந்தப் பக்கம். பொசிஷன் லூப் முழுவதும் டிரைவுக்குள். டெல்டா, பானசோனிக், லீட்ஷைன் என்று சந்தையில் எளிதில் கிடைக்கும் பெரும்பாலான ஏசி சர்வோக்களில் இதற்கான இன்புட் இருக்கிறது. டியூனிங்கும் டிரைவ் நிறுவனத்தின் மென்பொருளிலேயே, பல நேரம் தானியங்கியாகவே, முடிந்துவிடுகிறது.

முதல் எதிர்வாதம் வேகம் பற்றியது. அதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 மில்லிமீட்டர் பிட்ச் உள்ள பால் ஸ்க்ரூ, ஒரு சுற்றுக்கு 10,000 பல்ஸ் என்று அமைத்த டிரைவ். ஒரு பல்ஸுக்கு 1 மைக்ரான். மோட்டார் 3000 ஆர்பிஎம்மில் சுற்றினால் நொடிக்கு 50 சுற்று, 5 லட்சம் பல்ஸ். ஆக்சிஸ் நிமிடத்துக்கு 30 மீட்டர் ஓடும். பேரலல் போர்ட்டில் பேஸ் த்ரெட்டை 25 மைக்ரோசெகண்டில் ஓட்டினால், சுற்றுக்கு ஒரு பல்ஸ் என்றாலும் நொடிக்கு 40,000தான். நிமிடத்துக்கு 2.4 மீட்டரோடு ஆக்சிஸ் நின்றுவிடும். டிரைவின் எலக்ட்ரானிக் கியரை மாற்றிச் சுற்றுக்கு 2,000 பல்ஸ் ஆக்கினால் 12 மீட்டர் கிடைக்கும், ஆனால் ஒரு பல்ஸ் 5 மைக்ரான் ஆகிவிடும். கிர்பில் போன்ற மைக்ரோகன்ட்ரோலர் மென்பொருளும் பழைய ஆர்டுயினோவில் சுமார் 30 கிலோஹெர்ட்ஸில் இதே சுவரில் முட்டியது.

அந்தச் சுவர் பல்ஸ் முறையினுடையதல்ல, பல்ஸை மென்பொருள் உருவாக்குவதால் வருவது. மெசா நிறுவனத்தின் எஃப்பிஜிஏ கார்டுகள் வந்த பிறகு பல்ஸை உருவாக்கும் வேலை கார்டுக்குப் போய்விட்டது. மெகாஹெர்ட்ஸ் அளவுகள் எளிது. இப்போது வரம்பு டிரைவின் இன்புட்டில் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, டெல்டாவின் ஏஎஸ்டிஏ-ஏ2 டிரைவில் ஓப்பன் கலெக்டர் முறையில் 200 கிலோஹெர்ட்ஸ், டிஃபரன்ஷியலில் 500 கிலோஹெர்ட்ஸ், அதிவேக இன்புட்டில் 4 மெகாஹெர்ட்ஸ். ஒரே டிரைவ்தான், ஆனால் எந்தப் பின்னில் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து 20 மடங்கு வித்தியாசம். வேகக் குறைபாடு என்று சொல்லப்படும் பல தொல்லைகள் இந்த இணைப்பிலேயே பிறக்கின்றன. டிஃபரன்ஷியல் ஜோடி வயரை விட்டுவிட்டு ஒற்றை வயர் ஓப்பன் கலெக்டரில் கட்டினால் வேகமும் குறையும், இரைச்சலும் பல்ஸாக எண்ணப்படும்.

மெல்லிய தொல்லை ஒன்றும் உண்டு. திசை சிக்னல் மாறி, குறைந்தபட்ச நேரம் கழிந்த பிறகே அடுத்த பல்ஸ் வர வேண்டும். அந்த நேரத்தைப் போதாமல் அமைத்தாலோ, டிரைவ் எதிர்பார்க்கும் விளிம்பைத் தலைகீழாக அமைத்தாலோ, ஆக்சிஸ் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஓர் அடி தவறான பக்கம் எண்ணப்படலாம். ஒரு துளையில் தெரியாது. ஆயிரக்கணக்கான திரும்பல்கள் உள்ள ஓர் அச்சு வார்ப்பைக் குடையும்போது பூஜ்யப் புள்ளி மெல்ல மெல்ல ஒரே பக்கமாக நகர்ந்திருக்கும். பலரும் பால் ஸ்க்ரூவையும் கப்ளிங்கையும் சந்தேகிப்பார்கள். கோளாறோ சில மைக்ரோசெகண்டில் இருக்கும்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் ஆழமானது: லினக்ஸ்சிஎன்சிக்கு ஆக்சிஸ் எங்கே இருக்கிறது என்று உண்மையில் தெரியாது. அதற்குத் திரும்பி வரும் 'நிகழ்நிலை' ஸ்டெப் ஜெனரேட்டர் அனுப்பிய பல்ஸின் எண்ணிக்கைதான். தான் சொன்னதைத் தானே கேட்டுக்கொள்கிறது. டூல் மாட்டிக்கொண்டு மோட்டார் பின்தங்கினால் அது டிரைவுக்கு மட்டும் தெரியும். பிழைக் கணக்கு டிரைவில் வைத்த வரம்பைத் தாண்டும்போது டிரைவ் அலாரம் போட்டு மோட்டாரை விட்டுவிடும். அந்த அலாரம் வயரை லினக்ஸ்சிஎன்சியின் ஆம்ப்-ஃபால்ட் பின்னில் இணைக்கவில்லை என்றால் மற்ற ஆக்சிஸ்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இணைத்தாலும் ஒரு குறை பாக்கி. பல டிரைவ்களில் தொழிற்சாலை அமைப்பில் அந்த வரம்பு மோட்டாரின் பல சுற்றுகள் அளவுக்கு அகலமாக இருக்கும். வேலைப்பொருள் கெட்ட பிறகே அலாரம் வரும். வரம்பை மில்லிமீட்டரில் கணக்கிட்டுக் குறுக்குவது அமைப்பவரின் வேலை. பெரும்பாலும் தவறவிடப்படும் வேலையும் அதுதான்.

டிரைவின் என்கோடர் அவுட்புட்டைக் கார்டுக்குக் கொண்டுவந்து, உண்மையான நிலையை நிகழ்நிலைப் பின்னில் கட்டுவது ஒரு நடுவழி. லூப் டிரைவிலேயே இருக்கும், லினக்ஸ்சிஎன்சி மேற்பார்வை மட்டும் பார்க்கும். ஆக்சிஸுக்கு நாலைந்து வயர் கூடுதல் செலவில் கிடைக்கும் இந்த மேற்பார்வை போதிய அளவு புழக்கத்தில் இல்லை என்பதே என் மதிப்பீடு.

## ±10 வோல்ட்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த மெஷின்களைத் திறந்தால் பெரும்பாலும் கண்ணில் படுவது இது. கன்ட்ரோலர் டிரைவுக்கு அனுப்புவது ஒரு வோல்டேஜ்: +10 என்றால் ஒரு பக்கம் முழு வேகம், −10 என்றால் மறுபக்கம், 0 என்றால் நிற்க. மின்னோட்டமும் வேகமும் டிரைவுக்குள். பொசிஷன் லூப் லினக்ஸ்சிஎன்சிக்குள், பிஐடி பாகமாக. நிஸ்ட் எழுதிய முதல் மென்பொருள் இந்த வகை மெஷினை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. ஆகவே கட்டமைப்பின் தாய்மொழி என்றே இதைச் சொல்லலாம். மெசாவின் 7ஐ77 போன்ற ஒரே கார்டில் ஆறு அனலாக் அவுட்புட்டும் ஆறு என்கோடர் இன்புட்டும் கிடைக்கின்றன.

இதன் பலம் நேர்மை. பிழை கணக்கிடப்படுவது லினக்ஸ்சிஎன்சியில். ஹால் ஸ்கோப்பைத் திறந்தால் அந்தப் பிழை கோடாகத் திரையில் ஓடும். ஃபாலோயிங் எரர் எனப்படும் இந்தப் பிழைக்கு ஒவ்வொரு ஆக்சிஸுக்கும் வரம்பை மில்லிமீட்டரிலேயே எழுதலாம். அது மீறப்பட்ட அடுத்த மில்லிசெகண்டில் எல்லா ஆக்சிஸும் சேர்ந்து நிற்கும். கண்ணாடி ஸ்கேல் வைத்த மெஷினில் மோட்டார் என்கோடரை விட்டுவிட்டு ஸ்கேலையே படிக்கவும் வழி உண்டு.

பலவீனங்கள் மூன்று; அவற்றில் இரண்டு பெரிதாகப் பேசப்படுகின்றன, பேசப்படும் அளவுக்குப் பெரியவை அல்ல. ஒன்று ஆஃப்செட். 10 வோல்ட்டுக்கு 3000 ஆர்பிஎம் என்றால் 5 மில்லிவோல்ட் தவறு 1.5 ஆர்பிஎம். நம் ஸ்க்ரூவில் நிமிடத்துக்கு 15 மில்லிமீட்டர் ஊர்வு. லூப் மூடியிருக்கும்போது இது ஊர்வாக வெளிப்படாது, நிலையான ஒரு சிறு பிழையாக நிற்கும். வெப்பத்தோடு மாறும் அந்தப் பிழையை பிஐடியின் 'ஐ' பகுதி தின்றுவிடும். மற்றது இரைச்சல். ஷீல்டு உள்ள முறுக்கிய வயர், சரியான எர்த்திங், டிரைவ் எனேபிள் சிக்னலைத் தனியாகக் கட்டுவது, இவை இருந்தால் பெரும்பாலும் தீரும்.

மூன்றாவதுதான் உண்மையான தடை: டியூனிங். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பிஐடியில் 'பி' மட்டும் 50 என்று வைத்து, நொடிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் ஓட்டினால் ஆக்சிஸ் 2 மில்லிமீட்டர் பின்தங்கியே ஓடும். நேர்கோட்டில், இரண்டு ஆக்சிஸும் ஒரே விகிதத்தில் பின்தங்கினால், கோடு கெடாது. வட்டத்தில் கெடும். 20 மில்லிமீட்டர் ஆர வட்டத்தை அதே வேகத்தில் வெட்டினால் ஆரம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் சுருங்கிப்போகும். 'பி'யை ஏற்றிக்கொண்டே போகலாம் என்றால், 1 மில்லிசெகண்ட் சுற்றின் தாமதமும் இயந்திரத்தின் நெளிவும் ஓர் இடத்தில் நடுக்கத்தைக் கொண்டுவந்துவிடும். தீர்வு ஃபீட்ஃபார்வர்டு. தேவையான வேகம் முன்கூட்டியே தெரியுமாதலால் அதற்குரிய வோல்டேஜை நேராகச் சேர்த்துவிட்டு, மிச்சப் பிழைக்கு மட்டும் 'பி'யை விடுவது. லினக்ஸ்சிஎன்சியின் பிஐடியில் வேகத்துக்கு எஃப்எஃப்1, முடுக்கத்துக்கு எஃப்எஃப்2 என்று இதற்கு இடம் உண்டு. எஃப்எஃப்1 சரியாக அமைந்தால் அந்த 2 மில்லிமீட்டர் பிழை நூறில் சில பங்காக இறங்குவது இயல்பு. ஆனால் டிரைவின் வேக லூப் முதலில் ஒழுங்காக டியூன் ஆகியிருக்க வேண்டும். உள் லூப் தளர்ந்திருக்கும்போது வெளி லூப்பைத் திருகிக்கொண்டே இருப்பவர்கள் அனலாக் முறையையே பழிக்கிறார்கள்.

புதிய டிரைவ்களில் அனலாக் இன்புட் இல்லாத மாடல்கள் பெருகுகின்றன. இந்த வழியின் எதிர்காலத்துக்கு உண்மையான அச்சுறுத்தல் அங்கிருந்துதான் வருகிறது.

## ஈதர்கேட்

2003இல் ஜெர்மனியின் பெக்ஹாஃப் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஈதர்கேட், சாதாரண 100 மெகாபிட் ஈதர்நெட் கேபிளில் ஓடுகிறது. கணினி ஒரு சட்டகத்தை அனுப்பும். அது டிரைவ் டிரைவாகக் கடந்து போகும்போதே ஒவ்வொன்றும் தனக்குரிய கட்டளையை எடுத்துக்கொண்டு தன் நிலையை அதில் எழுதிவிடும். ஆறு ஆக்சிஸுக்கு ஒரே கேபிள் சங்கிலி. டிரைவ்களின் கடிகாரங்களை ஒரு மைக்ரோசெகண்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் ஒத்திசைக்கும் ஏற்பாடும் உண்டு.

டிரைவோடு பேசும் மொழி கேன்ஓப்பன் உலகத்திலிருந்து வந்த சிஐஏ 402. பதினாறடி எண்முறையில் 6040 என்ற இடத்தில் கட்டளைச் சொல், 6041இல் நிலைச் சொல், 607ஏயில் இலக்கு நிலை, 6064இல் உண்மை நிலை. கட்டளைச் சொல்லில் 6, 7, 15 என்று வரிசையாக எழுதி, ஒவ்வொரு படிக்கும் டிரைவ் பதில் சொன்ன பிறகே மோட்டாருக்கு உயிர் வரும். லினக்ஸ்சிஎன்சியின் எனேபிள் சிக்னலை இந்தப் படிவரிசையாக மாற்றித் தர ஹால் பாகங்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

இங்கே நம் மூலக் கேள்வி மறுபடி திறக்கிறது. ஒரே கேபிளில் மூன்று விதமாக வேலை வாங்கலாம். சுழற்சி நிலை முறையில் லினக்ஸ்சிஎன்சி மில்லிசெகண்டுக்கு ஒரு முறை இலக்கை அனுப்பும். இடைப்பட்ட புள்ளிகளை நிரப்பி லூப்பை மூடுவது டிரைவ். சுழற்சி வேக முறையில் லூப் லினக்ஸ்சிஎன்சிக்குத் திரும்பும். ±10 வோல்ட்டின் எண்வடிவம் என்று கொள்ளலாம், ஆஃப்செட்டும் இரைச்சலும் இல்லாமல். மூன்றாவது, முறுக்குவிசை முறை. பெரும்பாலோர் முதல் முறையையே தேர்கிறார்கள். பல்ஸ் முறையின் எளிமை, அத்தோடு உண்மை நிலையும் அலாரம் எண்ணும் திரும்பி வரும் வெளிச்சம், இரண்டும் சேர்ந்து கிடைப்பதால் அந்தத் தேர்வு புரிந்துகொள்ளத்தக்கதே.

ஆனால் திரும்பி வரும் அந்த எண்ணைப் படிப்பதில் கவனம் வேண்டும். கட்டளை போய்ச் சேர்ந்து, டிரைவ் செயல்பட்டு, நிலை திரும்பி வர இரண்டு சுற்றாவது ஆகும். நிமிடத்துக்கு 30 மீட்டரில் ஓடும் ஆக்சிஸ் 2 மில்லிசெகண்டில் 1 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். ஆக்சிஸ் துளியும் பின்தங்காமல் ஓடினாலும் லினக்ஸ்சிஎன்சியின் கணக்கில் 1 மில்லிமீட்டர் பிழை தெரியும். இது தூதின் தாமதம், மோட்டாரின் பிழையல்ல. இதைச் சமாளிக்கப் பலர் வரம்பை அகலமாக்குகிறார்கள். அப்போது உண்மையான பிழையும் அதே அகலத்தில் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. டிரைவ் தானே கணக்கிடும் பிழையை, சிஐஏ 402இல் அதற்குத் தனி இடம் இருக்கிறது, ஹாலுக்குள் கொண்டுவந்து அதையும் கண்காணிப்பதே சரியான பதில் என்று தோன்றுகிறது. எல்லா டிரைவும் அதைச் சுழற்சித் தரவில் தருவதில்லை என்பது நடைமுறைச் சங்கடம்.

நேரத் துல்லியத்தின் சுமையும் இடம் மாறுகிறது. பேரலல் போர்ட்டுக்கு 15-20 மைக்ரோசெகண்டுக்குள் தடுமாற்றம் இருக்க வேண்டும் என்பது லினக்ஸ்சிஎன்சி ஆவணங்கள் தரும் அளவுகோல். வெளிக் கார்டுக்கும் வலையமைப்புக்கும் அவ்வளவு கடுமை தேவையில்லை. இருந்தாலும் கணினியின் கடிகாரமும் டிரைவ் சங்கிலியின் கடிகாரமும் தனித்தனியாக ஓடினால், சில நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சுற்று இரட்டிப்பாகவோ விடுபட்டோ போகும். மெஷினில் ஒரு 'டிக்' சத்தம் கேட்கும். யார் கடிகாரத்துக்கு யார் இசைவது என்பதை அமைப்பவர் முடிவு செய்தே ஆக வேண்டும். ஈதர்நெட் வழி வேலை செய்யும் மெசா கார்டுகளுக்கும் இது பொருந்தும்: நொடிக்கு 500 மில்லிமீட்டர் வேகத்தில் என்கோடரைப் படிக்கும் கணம் 50 மைக்ரோசெகண்ட் தள்ளினால் 25 மைக்ரான் பொய்ப் பிழை. படிக்கும் கணத்தைக் கார்டுக்குள்ளேயே பூட்டி வைக்கும் வசதி இதற்காகத்தான் அவற்றில் சேர்க்கப்பட்டது.

சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. லினக்ஸ்சிஎன்சியினர் அதிகம் பயன்படுத்தும் ஈதர்கேட் மாஸ்டர், ஜெர்மனியின் எசன் நகரிலுள்ள ஐஜிஎச் நிறுவனம் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது. அந்த உரிமம் மூல நிரலுக்கு மட்டுமே, ஈதர்கேட் தொழில்நுட்பத்தையும் பெயரையும் பயன்படுத்துவது பெக்ஹாஃபின் உரிமைகளுக்கு உட்பட்டது என்று அந்த மென்பொருளே குறிப்பிடுகிறது. லினக்ஸ்சிஎன்சிக்கான ஈதர்கேட் இணைப்பு முதன்மைத் தொகுப்புக்கு வெளியே தனித் திட்டமாக வளர்ந்தது. அதனால் பதிப்புக்குப் பதிப்பு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பாரம் பயனர் தலையில் விழுகிறது.

## ஓரத்து வழிகள்

இரண்டைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மெசாவின் 8ஐ20 போன்ற டிரைவ்களில் வேக லூப்பும் கணினிக்கே வந்துவிடுகிறது. மின்னோட்டமும் கோணமும் மட்டும் கட்டளையாகப் போகும். கற்பதற்கு அருமையான இடம், பிழைப்புக்கு ஓடும் பட்டறைக்கு ஏற்றதா என்பதில் ஐயம் உண்டு. எஸ்டிஎம்பிஎல் என்ற திட்டம் டிரைவையே திறமூலமாக்கியது. மெசாவின் தொடர் இணைப்பு வழியாக லினக்ஸ்சிஎன்சியோடு நேரே பேசும். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு லூப்பையும் திறந்து படிக்கலாம் என்ற வாக்குறுதி அதில் இருக்கிறது. ஆனால் டிரைவ் என்பது நிரல் மட்டுமல்ல. நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் பலகை, சோதனை, உத்தரவாதம், உதிரிப்பாகம் எல்லாம் சேர்ந்தது.

## அவசர நிறுத்தம் யார் கையில்

எந்த வழியாக இருந்தாலும் ஒன்றில் கருத்து வேறுபாட்டுக்கு இடம் இருக்கக் கூடாது. லினக்ஸ்சிஎன்சி பாதுகாப்புச் சான்று பெற்ற மென்பொருள் அல்ல. அவசர நிறுத்தச் சங்கிலி அதை நம்பி இருக்கக் கூடாது. பொத்தானை அழுத்தினால் பாதுகாப்பு ரிலே வழியாக டிரைவின் எஸ்டிஓ இன்புட், அதாவது மோட்டாரின் முறுக்குவிசையை நிறுத்தும் பாதுகாப்பு இன்புட், துண்டிக்கப்பட வேண்டும். மென்பொருளுக்குச் செய்தி பக்கத்து வயரில் போகட்டும். கார்டில் உள்ள வாட்ச்டாக் கணினி உறைந்துபோகும்போது அவுட்புட்டை அணைத்துவிடும். அது துணை மட்டுமே. செங்குத்தான ஆக்சிஸில் எஸ்டிஓ மட்டும் போதாது, பிரேக்கும் வேண்டும்: முறுக்குவிசை போன கணத்தில் தலைப்பகுதி தன் எடையில் இறங்கிவிடும். எந்த இணைப்பு நல்லது என்ற வாதங்களில் இந்தப் பகுதிக்குக் கடைசி இடம் கிடைப்பது கவலை தருகிறது.

## முடிவாகாதவை

இதுவரை பார்த்ததிலிருந்து ஓரளவு துணிந்து சொல்லக்கூடியவை உண்டு. நல்ல ±10 வோல்ட் டிரைவ்கள் உயிரோடு இருக்கும் பழைய மெஷினில் அவற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பல்ஸுக்கு மாறுவதற்குத் தொழில்நுட்பக் காரணம் பெரும்பாலும் இல்லை. மூன்று ஆக்சிஸ் ரூட்டருக்கோ சிறு மில்லிங்குக்கோ, கார்டு உருவாக்கும் டிஃபரன்ஷியல் பல்ஸ், குறுக்கிய பிழை வரம்பு, இணைத்த அலாரம் வயர், இவை போதும் என்றே தெரிகிறது. ஆக்சிஸ் எண்ணிக்கை கூடும்போதும், அப்சல்யூட் என்கோடர் வேண்டும்போதும் ஈதர்கேட்டின் பக்கம் தராசு சாய்கிறது.

மற்றவை திறந்தே இருக்கின்றன. அப்சல்யூட் என்கோடர்களில் எஸ்எஸ்ஐ, பிஸ், ஃபானுக் வகை சிலவற்றை மெசா கார்டு வழியாக லினக்ஸ்சிஎன்சி படிக்கும். சந்தையில் உள்ள பல டிரைவ் நிறுவனங்களின் தொடர் என்கோடர் மொழிகள் இன்னும் மூடியே இருக்கின்றன. அந்த மோட்டார்களுக்கு அந்த டிரைவையே வாங்கியாக வேண்டும். டிரைவுக்குள் ஓடும் பொசிஷன் லூப்பின் உள்ளமைப்பும் அப்படியே. எந்த ஃபில்டர் எந்த இடத்தில் எவ்வளவு தாமதம் சேர்க்கிறது என்பதைக் கையேடுகள் ஒரே மாதிரி சொல்வதில்லை.

பாதைத் திட்டத்தின் பக்கம் இன்னொரு முடிச்சு. லினக்ஸ்சிஎன்சியின் பாதைத் திட்டம் நீண்ட காலமாக வேகத்துக்கும் முடுக்கத்துக்கும் மட்டுமே வரம்பு வைத்தது, முடுக்கம் மாறும் வீதத்துக்கு வைக்கவில்லை. முடுக்கம் திடீரென்று ஏறி இறங்குவதால் விறைப்பாக டியூன் ஆன சர்வோ இயந்திரச் சட்டத்தையே உலுக்கும். டிரைவில் ஸ்மூத்திங் ஃபில்டரைப் போட்டால் உலுக்கல் அடங்கும். ஆக்சிஸுக்கு ஆக்சிஸ் ஃபில்டர் வேறுபட்டால் மூலைகளும் வட்டங்களும் உருமாறும். இந்த வேலையைத் திட்டமிடும் மென்பொருள் செய்ய வேண்டுமா, டிரைவ் செய்ய வேண்டுமா என்பது பொசிஷன் லூப் கேள்வியின் அடுத்த பிறவி. எஸ்-வளைவு முடுக்கத்தை லினக்ஸ்சிஎன்சிக்குள் கொண்டுவரும் முயற்சிகள் நடக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பிடத்தக்க அளவீடு வேண்டும். ஒரு வழி மற்றதைவிடத் துல்லியமானது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வெவ்வேறு மெஷின், வெவ்வேறு மோட்டார், வெவ்வேறு டியூனிங் ஆகியவற்றை வைத்தே பேசுகிறார்கள். பல்ஸ், அனலாக், ஈதர்கேட் மூன்றையும் ஏற்கும் ஒரே தொடர் டிரைவ்களை ஒரே மெஷினில் மாற்றி மாற்றிப் பொருத்தி, ஐஎஸ்ஓ 230-4 சொல்லும் வட்டச் சோதனையை ஒரே வேகங்களில் செய்து, ஒவ்வொன்றின் அமைப்புக் கோப்பையும் முடிவுகளோடு சேர்த்து வெளியிடலாம். ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்துக்கு இது எட்டாத வேலையல்ல. அந்தச் சோதனையில் வட்டத்தின் உருவத்தோடு இன்னொன்றையும் அளக்க வேண்டும்: ஆக்சிஸை வேண்டுமென்றே தடுத்து நிறுத்தினால், லினக்ஸ்சிஎன்சி அதை அறிந்து மற்ற ஆக்சிஸ்களை நிறுத்த எத்தனை மில்லிசெகண்ட் எடுக்கிறது, அதற்குள் டூல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது.